பென்சிலுக்கு முன்னால் வரும் விளையாட்டுகள்

குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தேர்வாளர்களாகிவிடுகிறார்கள். “ஏ பி சி டி சொல்லு பார்க்கலாம்” என்று தொடங்கும் பேச்சு, பக்கத்து வீட்டுப் பெண் நூறு வரை எண்ணுகிறாளாமே என்பதில் வந்து முடியும். எல்.கே.ஜி. சேர்க்கை நெருங்கும் மாதங்களில் பெற்றோருக்கும் அந்தப் பதற்றம் தொற்றிக்கொள்கிறது. நாலு கோடு நோட்டு வருகிறது. எழுத்துகளைப் புள்ளிகளாக அச்சடித்த பயிற்சிப் புத்தகம் வருகிறது. குழந்தையின் கையைப் பிடித்து ‘அ’ எழுதவைக்கிறோம். எழுதுவது என்னவோ நம் கைதான்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய விளையாட்டுகளைத் தேடுகிற பலர் இந்தப் பதற்றத்துக்குத்தான் மருந்து தேடுகிறார்கள். எழுத்தும் எண்ணும் வரிசையில் கடைசியில் வருபவை. அவற்றுக்கான ஆயத்தம் அடுப்படியிலும் குளியலறையிலும் மொட்டைமாடியிலும் நடக்கிறது, பெரும்பாலும் நாம் ‘தொந்தரவு’ என்று விரட்டுகிற நேரங்களில்.

முதலில் அந்த ‘அ’வையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சுழி, ஒரு பெரிய வளைவு, ஒரு கிடைக்கோடு, ஒரு செங்குத்துக்கோடு எல்லாம் இருக்கின்றன; அவை சரியான இடத்தில் ஒன்றையொன்று சந்திக்கவும் வேண்டும். குழந்தை எதை எப்போது பார்த்து வரையும் என்பதற்குக் குழந்தை மருத்துவர்கள் கையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வயதில் கிறுக்கல். ஏறத்தாழ மூன்று வயதில் வட்டம். நாலு வயதை ஒட்டிக் கூட்டல் குறி. அதற்குப் பிறகு சதுரம். ஐந்து வயதில் முக்கோணம். கூட்டல் குறிக்கே நாலு வயது ஆகிறது என்றால், மூன்று வயதுக் குழந்தையிடம் ‘அ’ கேட்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று புரியும். ஆங்கிலத்தின் ‘ஏ’ இன்னும் மோசம். சாய்கோடுகள் கைக்கு வருவது எல்லாவற்றையும் விடப் பிந்தித்தான்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை அனைத்தும் குருத்தெலும்பாகவே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எலும்பாகும். கடைசி எலும்பு எக்ஸ்ரே படத்தில் தென்படும்போது பிள்ளை ஏறத்தாழ ஒன்பது வயதைத் தாண்டியிருக்கும். அந்தப் படத்தைக் காட்டி ‘அதனால் எழுதவே வைக்காதீர்கள்’ என்று சிலர் பரப்புகிறார்கள். அது மிகை. ஐந்து, ஆறு வயதில் பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். தோள் நிலையாக நிற்பது, மணிக்கட்டு மடங்குவது, விரல்கள் தனித்தனியே இயங்குவது, இரண்டு கைகளும் ஆளுக்கொரு வேலையைப் பங்கிட்டுக்கொள்வது ஆகியவைதான் எழுத்தைத் தீர்மானிக்கின்றன. இவை எதையும் பென்சில் கற்றுத்தராது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைகள் முதலில் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் இதைக் கண்டு தன் இல்லத்திலும் புகுத்தினார். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முறையோடு இதையும் சேர்த்து 1797-இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. இன்றைக்கு ‘உணர்வு விளையாட்டுத் தட்டு’ என்று விலை போட்டு விற்கப்படுவது ஏறக்குறைய அதே மணல்தான்.

மணலில் விரலால் எழுதும்போது எதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. முழுக் கையும் அசைகிறது. கோணலாக வந்தால் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. தவறு என்ற தடயமே இல்லை. ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டில் சலித்த மணலோ ரவையோ அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் போதும். எழுத்து வேண்டாம், மழை, பாம்பு, இட்லி, சாலை என்று எதையாவது இழுக்கட்டும். உணவுப் பொருளில் விளையாடுவதற்குப் பாட்டி கோபித்துக்கொண்டால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மணலுக்கு மாறிவிடலாம். விஜயதசமியன்று அரிசியில் எழுதவைக்கும் வீடுகளில்கூட அந்த அரிசி பிறகு உலைக்குத்தான் போகிறது. வண்ணம் ஏற்றிக் குப்பையில் கொட்டுவதற்காக அரிசியைப் பாழாக்குகிற காணொளிகளைப் பார்த்தால் எனக்கும் பாட்டியின் கோபம் வந்துவிடுகிறது.

விரல்களுக்கு அடுப்படியை மிஞ்சிய பயிற்சிக்கூடம் இல்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை கொத்தை முழுதாகக் கசக்கும். இலையோடு காம்பும் பிய்ந்து வரும். சில மாதங்கள் கழித்து இடக்கை காம்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளக் கற்றிருக்கும். வலக்கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் முன்னே வந்து ஒவ்வோர் இலையாகக் கீழ்நோக்கி இழுக்கும். மற்ற மூன்று விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி ஒதுங்கியிருக்கும். ஒரு கை நிலையாகப் பிடிக்க, மறு கையின் இரண்டு விரல்கள் நுணுக்க வேலை செய்கின்றன. நாளைக்கு நோட்டை இடக்கையால் அழுத்திக்கொண்டு வலக்கையால் எழுதும்போதும் இதே ஏற்பாடுதான். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தை இதை மாற்றிச் செய்யும், திருத்த வேண்டாம்.

முருங்கைக்கீரை உருவுவது இன்னும் மெல்லிய வேலை. சப்பாத்தி மாவை உருட்டுவது, பூண்டுத் தோலை நீக்குவது, கொடியில் துணி கிளிப்பை அழுத்தி மாட்டுவது, வாழைப்பழத் தோலைத் தானே உரிப்பது என்று வீட்டுக்கு வீடு பட்டியல் நீளும். கோலம் மட்டும் தனி வகை. மாவைச் சிட்டிகையாக எடுத்து, விரல்களுக்கிடையே சீராக நழுவவிட்டுக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். நாலு வயதில் ஒரு புள்ளி வைக்கவே மாவு கொட்டிவிடும். வாசலின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தைக் குழந்தைக்கென்று ஒதுக்கி, அங்கே என்ன ஆனாலும் நம் கையை வைக்காமல் இருந்தால் போதும்.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பொம்மைகளும் இருந்தன, நிஜ வேலைகளும் இருந்தன. பிள்ளைகள் வேலைகளையே நாடிப் போனார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அவர் பெயரைப் பலகையில் தாங்கிய பள்ளிகளுக்கு இன்று தமிழ்நாட்டில் பஞ்சமில்லை. அவற்றுள் சில, மூன்று வயதிலேயே வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகின்றன என்பதை என்னவென்று சொல்வது!

பிசையும் மாவு வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஏறத்தாழ ஒரு பங்கு தண்ணீர், ஒரு தேக்கரண்டி எண்ணெய். மஞ்சள் தூளோ பீட்ரூட் சாறோ நிறம் தரும். இதில் உப்பு மிக அதிகம், தின்னக் கூடாது. இன்னும் எதையும் வாயில் போடுகிற வயது என்றால், கொழுக்கட்டைக்குக் கிளறிய மாவில் ஓர் உருண்டையை ஆறவைத்துக் கொடுத்துவிடலாம். மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால் நாலு வயதுக் குழந்தை அசந்துபோகும், மஞ்சள் சிவப்பாகிவிடும். காரத்தன்மை பட்டால் மஞ்சள் நிறம் மாறும் குணம் அது, ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்யும் அதே வேலை. சுண்ணாம்பைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து.

எண்களுக்கு வருவோம். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் “மூன்று கரண்டி எடுத்து வா” என்று சொல்லிப் பாருங்கள். கை கொள்ளும் அளவுக்கு அள்ளிக்கொண்டு வரும். ஆய்வாளர்களும் ஏறக்குறைய இப்படிக் கேட்டுத்தான் குழந்தைகளின் எண்ணறிவை அளக்கிறார்கள். முதலில் ‘ஒன்று’ என்றால் என்ன என்பது பிடிபடும். சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’. பிறகு ‘மூன்று’. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நாலு வயதில்தான் விளங்குகிறது. அதுவரை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்பது ராகம் மட்டுமே. ராகமும் வேண்டியதுதான், அதைக் கணக்கு என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம்.

ராகத்திலிருந்து கணக்குக்கு அழைத்துப்போவது, ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திப் பார்க்கும் வேலை. சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு தம்ளர். தாத்தாவுக்குத் தட்டு இல்லை என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கலாம். வாசலில் சிதறிக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்க்கச் சொல்லலாம். பல்லாங்குழி பரணில் இருந்தால் இறக்குங்கள். பதினான்கு குழிகள், குழிக்கொரு காயாகப் போட்டுக்கொண்டே போவதுதான் ஆட்டத்தின் உயிர். ஆட்ட விதிகள் நாலு வயதுக்கு எட்டாது. போட்டுக்கொண்டே போவது எட்டும். எங்கே காய் தீர்ந்தது, அடுத்தது காலிக் குழியா என்று அந்தக் கண் தேடுவதைப் பார்த்தால், விதிகள் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை பிறக்கும்.

தண்ணீர் விளையாட்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கிக்கொள்கிறேன். ஒரு வாளி, இரண்டு மூன்று அளவுகளில் தம்ளர்கள், ஒரு புனல். அகன்ற தம்ளரிலிருந்த தண்ணீரை ஒல்லியான உயரத் தம்ளருக்கு மாற்றினால் ‘இதில்தான் அதிகம்’ என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சாதிக்கும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விவரித்துப் புகழ்பெற்ற சோதனை இது. விளக்கிச் சொல்லித் திருத்துவதில் பெரிய பயன் இல்லை. ஊற்றி ஊற்றிப் பார்த்து, ஆறேழு வயதில் தானே மாற்றிக்கொள்ளும். ஒன்று மட்டும் கண்டிப்பாக: தண்ணீர் இருக்கும் வாளியோடு தவழும் குழந்தையையோ நடை பழகும் குழந்தையையோ ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. மூழ்கிப்போகச் சில அங்குலத் தண்ணீர் போதும்.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அவர்களுக்கு மடிதான் விளையாட்டுத் திடல். பருப்புக் கடைகிற விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, நம் முழங்கை முனையை அதில் வைத்துச் சுற்றுகிறோம். பிறகு அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு என்று ஒவ்வொரு விரலாக மடக்கிப் பங்கு போடுகிறோம். கடைசியில் நண்டும் நரியும் ஊர்ந்து மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து அக்குளுக்குப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டுகின்றன. பத்து மாதக் குழந்தை கிச்சுக்கிச்சு வந்தபிறகுதான் சிரிக்கும். சில வாரங்கள் பழகியபின், விரல்கள் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். அடுத்து வரப்போவது அதற்குத் தெரிகிறது. வேண்டுமென்றே முழங்கையில் ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கும். ‘ஏன் நின்றுவிட்டது?’ என்ற அந்தப் பார்வைதான் உரையாடலின் தொடக்கம். வரிசை, எதிர்பார்ப்பு, மாறி மாறிப் பங்கேற்பது, விரலுக்கு ஒரு பங்கு என்ற கணக்கின் முதல் வாசனை எல்லாமே அந்த அரை நிமிடத்தில் வந்துவிடுகின்றன.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை, நிலவை விளையாட அழைப்பது அம்புலி. நிலாவைக் காட்டிச் சோறூட்டுவதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அம்மா விரலை நீட்டுகிறாள். குழந்தை விரலைப் பார்க்காமல், விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. நிலாவைப் பார்த்துவிட்டு மறுபடியும் அம்மாவின் முகத்துக்குத் திரும்புகிறது, ‘நீயும் அதைத்தான் பார்க்கிறாயா’ என்று. இருவர் ஒரே பொருளில் கவனத்தைக் குவிக்கும் இந்தத் திறன்மேல்தான் பேச்சு ஏறி நிற்கிறது. ‘நிலா’ என்ற ஒலி வானத்தில் இருப்பதன் பெயரா, அம்மா கையிலிருக்கும் கிண்ணத்தின் பெயரா என்பதைக் குழந்தை வேறெப்படித் தெரிந்துகொள்ளும்? கைப்பேசியைக் காட்டி ஊட்டும்போது சோறு உள்ளே போய்விடுகிறது. பார்வை மட்டும் திரும்பி வருவதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. வேலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு ஊட்டுகிற அந்தக் கால்மணி நேரம் எவ்வளவு பெரிய மலை என்பது எனக்கும் தெரியும். எல்லா வேளையும் முடியாவிட்டால் ஒரு வேளையாவது சன்னலோரம் உட்காரலாம். நிலா இல்லாவிட்டால் என்ன, காக்கை இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது.

அதே வழிகாட்டுதல், ஒன்று முதல் நாலு வயதுக் குழந்தைகள் நாளுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று மணி நேரத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். தலையணை மேட்டில் ஏறி இறங்குவது, கட்டிலுக்கடியில் தவழ்வது, மாடிப்படி ஏறுவது எல்லாம் கணக்கில் சேரும். நாலு வயதுக்கு மேல் கல்லா மண்ணா ஆடலாம். ஓட வேண்டும் என்று துடிக்கும் காலை நிறுத்திவைப்பது அதில் பெரிய பாடம்.

நடக்கப் பழகும் குழந்தைக்குப் பழைய மர நடைவண்டியை எடுத்துக்கொடுங்கள். அதில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி, நிமிர்ந்து, தள்ளிக்கொண்டு நடக்கிறது. நடுவில் உட்காரவைக்கும் பிளாஸ்டிக் வட்ட வாக்கர் வேறு சங்கதி. குழந்தை தொங்கியபடி கால்விரல் நுனியால் உந்துகிறது. படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கனடா 2004-இலேயே இந்த வாக்கர்களின் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. இங்கே பிறந்தநாள் பரிசாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கதைப் புத்தகங்கள் மலிவாகவும் இலவசமாகவும் கிடைக்கும் காலம் இது. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1990-களிலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வாசிக்கிற விதம் முக்கியம். பக்கத்தைப் புரட்டி ஒப்பித்துக்கொண்டே போகாமல், படத்தைக் காட்டி ‘இவன் ஏன் ஒளிந்துகொண்டான்?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் குழந்தையின் பேச்சு வளர்கிறது என்று 1980-களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. அதே கதையை முப்பதாவது முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வடையைத் தூக்கிய காக்கையை முறுக்குத் தூக்கவைத்துப் பாருங்கள். வரும் கண்டனத்தில் முழு வாக்கியங்கள் இருக்கும்.

பொம்மைகள் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குட்பட்ட 36 குழந்தைகளை இருமுறை விளையாடவிட்டார்கள்; ஒருமுறை நாலு பொம்மைகளோடு, இன்னொருமுறை பதினாறோடு. நாலு இருந்தபோது ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், பலவிதமாக விளையாடினார்கள். 2018-இல் வெளியான இந்த முடிவு, பொம்மைக் கூடையில் முக்கால்வாசியை அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டு மாதத்துக்கொருமுறை மாற்றி இறக்க நல்ல சாக்கு. வாங்குவதானால் சொப்புச் சாமான் வாங்கலாம். அம்பாசமுத்திரத்து மரச் சொப்பானாலும் திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் ஆனாலும், இல்லாத அடுப்பில் இல்லாத சாம்பார் கொதிக்கும்போது குழந்தை ஒன்றை இன்னொன்றாகப் பாவிக்கக் கற்றுக்கொள்கிறது. கோடுகளை எழுத்தாகப் பார்ப்பதற்கும் அதே திறன்தான் வேண்டும்.

விளையாட்டு சொல்லித்தரும் காணொளிகளும் நம் பழைய விளையாட்டுகளும் ஒருசேரச் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. இரண்டிலும் விதைகள், சோழிகள், மணிகள். எவை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்று பார்க்க, பொம்மைத் தரச் சோதனைகளில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாகப் புகுந்துவிடும் பொருள் ஆபத்தானது. புளியங்கொட்டை, சோழி, குண்டுமணி எல்லாம் தாராளமாகப் புகும், குண்டுமணி நஞ்சும்கூட. நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் மூச்சுக்குழாயில் சிக்கினால் பெரிய மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ரிமோட்டிலும் பேசும் பொம்மையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அதன் மூடி திருகாணியால் முடுக்கப்பட்டதா என்று பாருங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தெருவோரக் கடையில் அதைத் தேடிக் களைத்துப்போவீர்கள் என்பது வேறு கதை.

கூட உட்கார்ந்து விளையாடுவதில் இன்னொரு பயனும் உண்டு. ஏதாவது தாமதமானால் அது நம் கண்ணில்தான் முதலில் படும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயதிலும் திரும்பாதது, ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் ‘அப்பா வா’, ‘பால் தா’ போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, முன்பு சொன்ன சொற்கள் மறைந்துபோவது ஆகியவை தென்பட்டால் ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்’ என்ற உறவினர் சமாதானத்தை நம்பி ஓராண்டைக் கழிக்காதீர்கள். காது கேட்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே இலவசம். வழி தெரியாதவர்கள் பக்கத்து அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டாலே சொல்வார்.